சிறப்புப் பொம்மைக் கடை தாக்குப்பிடிக்குமா?

மாதிரி ரயில், மரப் பொம்மை, பாகங்களைக் கோத்துச் செய்யும் மாதிரி வண்டிகள், மேசை விளையாட்டுகள் என ஏதேனும் ஒரு வகையை மட்டும் விற்கும் கடையைத் திறக்க நினைப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது: எல்லாப் பொம்மைகளையும் குவித்து வைத்துக் குறைந்த விலைக்கு விற்கும் பெருங்கடைகளும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் இணையக் கடைகளும் இருக்கும்போது இப்படி ஒரு கடை நிலைக்குமா, நிலைக்குமென்றால் எதை முதலில் தீர்மானிக்க வேண்டும்?

நிலைக்கும் என்பதே என் பதில். ஆனால் அது பெரும்பாலும் கடை திறப்பதற்கு முன்பே, எந்த வகைப் பொம்மையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. கடைக்கு எந்தத் தெரு, உள்ளே என்ன அலங்காரம், பெயர்ப் பலகை எப்படி என்பவற்றில் மனம் தோய்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை எழுதிப் பார்க்க வேண்டும்: இந்தப் பொம்மையை இன்று வாங்கிச் செல்பவர் இரண்டு மாதம் கழித்து எதற்காகத் திரும்பி வருவார்? இதற்குத் தெளிவான விடை இருந்தால் கடைக்கு எதிர்காலம் உண்டு. விடை இல்லையென்றால் எவ்வளவு அழகான பொம்மையாக இருந்தாலும், ஒவ்வொரு மாதமும் புதிய வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்தே வாடகை கட்ட வேண்டியிருக்கும். சிறிய கடையால் அதை நீண்ட காலம் செய்ய முடியாது.

பொம்மைகளில் ஒரு முறை விற்றதும் உறவு முடிந்துவிடுபவை உண்டு, விற்ற பிறகே உறவு தொடங்குபவையும் உண்டு. ஆடும் மரக் குதிரை முதல் வகை. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்; அதுவும் தலைமுறைக்கு உழைக்கும். மாதிரி ரயில் இரண்டாம் வகை. தொடக்கத் தொகுப்பில் ஒரு நீள்வட்டத் தண்டவாளம், ஓர் எஞ்சின், இரண்டு மூன்று பெட்டிகள், ஒரு மின் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். ரயில் சில வாரம் சுற்றிச் சுற்றி ஓடியதும், அதை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பிவிடும் ‘தடம் மாற்றி’ வேண்டும் என்று தோன்றும். தடம் மாற்றி வந்தால் நிற்பதற்கு ஒரு நிலையம் வேண்டும், நிலையம் வந்தால் மலை, சுரங்கம், மரம், விளக்குக் கம்பம் என்று அது வளரும். ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டுவரும், ‘கண்டம்’ (Gundam) என்ற அசைபடத் தொடரின் இயந்திர மனிதர்களைக் கோத்துச் செய்யும் தொகுப்புகளும் இப்படித்தான். இன்றைய தொகுப்புகளைப் பசையே இல்லாமல் கோத்துவிடலாம். ஆனாலும் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து பாகத்தைச் சுத்தமாக வெட்டி எடுக்கும் இடுக்கி, வெட்டுத் தடத்தைத் தேய்க்கும் அரத் தாள், கோடுகளை எடுத்துக்காட்டும் மை, பளபளப்பை அடக்கும் மேற்பூச்சு என்று செய்பவரின் தேவை நீண்டுகொண்டே போகும். 1:12 அளவில் அமைந்த பொம்மை வீட்டில் வீடு ஒன்றுதான், அதற்குள் வைக்க வேண்டிய நாற்காலிக்கும் தட்டுக்கும் விளக்குக்கும் முடிவே கிடையாது. உருவங்களைச் சேர்த்து வண்ணம் தீட்டி ஆடும் மேசைப் போர் விளையாட்டில், வண்ணக் குப்பிகளுக்கும் தூரிகைகளுக்கும் மட்டுமே மாதாமாதம் வந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

மரக் குதிரையை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்கண்ணாடியில் ஒன்று நின்றால் தெருவில் போகிற குழந்தையின் கால் நின்றுவிடும். கடையைத் தாங்குவது எது, அழகுபடுத்துவது எது என்ற கணக்கு மட்டும் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லாப விகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிறப்புப் பொம்மை வணிகத்தில் வாங்கிய விலையை இரட்டித்து விற்பது பழைய வழக்கம். 50-க்கு வாங்கியது 100-க்குப் போகும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்பதே உண்மையான கேள்வி. 100 போட்டு வாங்கிய சரக்கை இரு மடங்கு விலைக்கு விற்று, ஆண்டுக்கு 2 முறை சுழல விட்டால் (அதாவது விற்றுத் தீர்த்து மறுபடி வாங்கினால்), அந்த 100 ஓராண்டில் ஈட்டித் தருவது 200. விற்பனை விலையில் 35 விழுக்காடு மட்டுமே மிச்சம் தரும் சரக்கு ஆண்டுக்கு 6 முறை சுழன்றால், அதே 100 ஏறத்தாழ 320 ஈட்டிவிடும். குறைந்த மிச்சம் தரும் பசையும் வண்ணமும் ரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கியும் கடையைக் காப்பாற்றுவதும், உயர்ந்த மிச்சம் தரும் பெரிய எஞ்சின் மூன்று ஆண்டு கண்ணாடிக்குள் நின்று பணத்தை முடக்குவதும் இதனால்தான். வாடகைக்குக் கையில் பணம் இல்லாமல் தவிக்கும் கடைகளின் பின்னறையில் ஆண்டுக்கணக்கில் பிரிக்கப்படாத பெட்டிகள் அடுக்கியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பணம் அங்கேதான் இருக்கிறது, பெட்டிகளின் வடிவில்.

தள்ளுபடியைப் பற்றியும் இதே கண்டிப்போடு சிந்திக்க வேண்டும். 50-க்கு வாங்கி 100-க்கு விற்கும் பொருளுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால், விற்பனை விலையில் போனது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மிச்சம் 50-லிருந்து 30-ஆகச் சுருங்கிவிடுகிறது. முன்பு 30 உருப்படி விற்றுக் கிடைத்த அதே மிச்சத்துக்கு இப்போது 50 உருப்படி விற்றாக வேண்டும். ஒரு சிறப்புத் துறையில், தள்ளுபடி கொடுத்த ஒரே காரணத்துக்காக அவ்வளவு பேர் கூடுதலாக வந்துவிட மாட்டார்கள், ஏனென்றால் அந்தத் துறையில் ஆர்வமுள்ளவர்களின் எண்ணிக்கையே குறைவு. எனவே தள்ளுபடியை விற்பனையைப் பெருக்கும் கருவியாகக் கருதாமல், தேங்கிய சரக்கைப் பணமாக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குத் தயங்கவும் கூடாது. ஓராண்டு அசையாத பொருளை வாங்கிய விலைக்கே விற்றாலும், அந்தப் பணம் நகரும் சரக்கில் போய்ச் சேர்ந்தால் இழப்பு சில மாதத்தில் ஈடாகிவிடும்.

அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. பத்து நிறுவனங்களின் தொகுப்புகளை ஆளுக்கு நான்காக வைப்பதைவிட, இரண்டு நிறுவனங்களின் வரிசையை உதிரி பாகம் வரை முழுமையாக வைப்பதே மேல். ஆர்வலர் ஒருவர் தேடி வரும் தடம் மாற்றி இரண்டாம் முறையும் ‘இருப்பில் இல்லை’ என்றால், மூன்றாம் முறை அவர் இணையத்தில்தான் தேடுவார். அதன் பிறகு எஞ்சினையும் அங்கேயே வாங்குவார். சின்னப் பாகம் ஒன்று தீர்ந்துபோனதால் இழப்பது அந்தப் பாகத்தின் விலையை மட்டும் என்று நினைப்பது பெரிய தவறு.

பெருங்கடையாலும் இணையத்தாலும் எளிதில் தர முடியாதது கல்லாவுக்கு அப்பால் நிற்பவரின் அறிவு. இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் ரயிலையே எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். உலகில் மிகப் பரவலான எச்.ஓ. அளவு 1:87. பிரிட்டனில் பரவலான ஓ.ஓ. அளவு 1:76. இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே, 16.5 மில்லிமீட்டர். ஓ.ஓ. உருவான காலத்து மோட்டார்கள் சிறிய பிரிட்டிஷ் எஞ்சின்களின் 1:87 உருவத்துக்குள் அடங்காததால் உடலை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒன்றின் பெட்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடும், ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் அளவு பொருந்தாது. இணைப்புக் கொக்கியும் பல சமயம் வேறாக இருக்கும். 1859-இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான மார்க்ளினின் எச்.ஓ. எஞ்சின்கள் தண்டவாளத்தின் நடுவிலுள்ள தொடுபுள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பவை. அந்த முறைக்கான பெட்டிகளின் சக்கரங்கள் மின்காப்பு இல்லாதவை. மற்ற நிறுவனங்களின் சாதாரண இரு தண்டவாள அமைப்பில் வைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும். விற்பனை அட்டைப் பெட்டியின் மேல் இரண்டிலும் ‘எச்.ஓ.’ என்றுதான் போட்டிருக்கும்.

இப்போது பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான பெட்டியொன்றைத் தேர்ந்து, திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அவன்கிட்ட இருக்கிற தண்டவாளத்துல ஓடுமா?” என்று கேட்கிறார். தெரியாதவர் ‘ஓடும்’ என்பார். தெரிந்தவர், “அம்மா, அவனோட தண்டவாளத்துக்கு நடுவுல சின்னச் சின்னப் புள்ளி மாதிரி ஏதாவது தெரியுமா? வீட்டுல இருக்கிறவங்ககிட்ட ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்றீங்களா?” என்பார். படம் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் ஏமாற்றம் தவிர்க்கப்படுகிறது, ஒரு பொருள் திரும்பி வருவது தவிர்க்கப்படுகிறது, அந்தக் குடும்பம் இனி ரயில் என்றால் இந்தக் கடைக்குத்தான் வரும். இணையத்தில் மதிப்புரைகள் ஆயிரம் இருக்கலாம், அவற்றில் எதுவும் அந்தப் பாட்டியிடம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

பரிசு வாங்க வருபவரும் தனக்காக வாங்க வரும் ஆர்வலரும் முற்றிலும் வேறான இரண்டு வாடிக்கையாளர்கள். பரிசு வாங்குபவருக்குப் பொருளைப் பற்றி எதுவும் தெரியாது, அவசரத்தில் இருப்பார், தவறாக வாங்கிவிடுவோமோ என்று பயப்படுவார். குழந்தையின் வயது, அது தனியாக விளையாடுமா கூட்டமாகவா, ஏற்கெனவே வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இரண்டே இரண்டு பொருளை எடுத்து முன்னால் வைத்தால் போதும். பத்தை வைத்தால் குழம்பிப் போய்விடுவார். ஆர்வலருக்கோ பெரும்பாலும் கடைக்காரரைவிட அதிகம் தெரியும். அவருக்கு அறிவுரை வேண்டாம். அவர் கேட்டது இருப்பில் இருக்க வேண்டும், வரப்போவதை முன்பதிவு செய்ய வழி இருக்க வேண்டும், தன்னைப் போன்ற நாலு பேரோடு பேச ஓர் இடம் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் ஆடுவதற்கென இரண்டு மேசை போட்டு வைக்கும் கடைகள், அந்த மேசைகள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் அலமாரி வைத்திருந்தால் விற்பதைவிட அதிகம் விற்கின்றன என்பது என் கணிப்பு. வளர்ந்தவர்கள் தங்களுக்கென்றே வாங்கும் பொம்மைகளின் பங்கு பெருகிவரும் இக்காலத்தில் இந்த இரண்டாம் வாடிக்கையாளரைப் புறக்கணிக்கவே கூடாது. சேகரிப்பவர்களைப் பொறுத்தவரை பெட்டியின் மூலை நசுங்குவதும் குறைதான். ஸ்டைஃப் நிறுவனம் 1904 முதல் தன் விலங்குப் பொம்மைகளின் காதில் பொருத்திவரும் பொத்தான் இல்லையென்றால் அவர்கள் பேரம் பேசக்கூட நிற்க மாட்டார்கள். சரக்கைக் கையாளும் ஊழியருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெரும் பொம்மைச் சங்கிலிக் கடையைச் சுட்டி, ‘டாய்ஸ் ஆர் அஸ் நிறுவனமே மூழ்கிவிட்டது, சின்னக் கடை எம்மாத்திரம்’ என்று பலர் சொல்கிறார்கள். அந்த வீழ்ச்சியிலிருந்து இப்படி ஒரு முடிவுக்கு வருவது சரியல்ல. 2005-இல் ஏறத்தாழ 660 கோடி டாலருக்கு, பெரும்பகுதி கடனாகத் திரட்டி, அந்த நிறுவனம் கைமாறியது. 2017 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியபோது அதன் மேல் ஏறத்தாழ 500 கோடி டாலர் கடன் இருந்தது. வட்டிக்கே ஆண்டுதோறும் பெருந்தொகை போனதால் கடைகளைப் புதுப்பிக்கவும் இணைய விற்பனையைச் சீராக்கவும் முடியாமல், 2018 ஜூன் இறுதியில் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. போட்டி உண்மைதான், ஆனால் கழுத்தை நெரித்தது கடன். சிறு கடைகள் கவனிக்க வேண்டிய பாடங்கள் வேறு இரண்டு இடங்களில் உள்ளன. 1991-இல் தொடங்கிய ஸேனி ப்ரெய்னி, அறிவுத்திறன் வளர்க்கும் பொம்மைகளுக்கென்றே அமைந்த நல்ல சங்கிலிக் கடை. வேகமாகக் கிளை பரப்பி, 2000-இல் போட்டி நிறுவனம் ஒன்றையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டே திவாலானது. 1862-இல் தொடங்கி உலகப் புகழ் பெற்ற எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ஸ், நியூயார்க் ஐந்தாம் அவென்யூ கடையை 2015-இல் மூடியதற்கு ஏறிக்கொண்டே போன வாடகை காரணமாகச் சொல்லப்பட்டது. தேடி வருகிற வாடிக்கையாளர்களை நம்பும் கடைக்கு முதன்மைத் தெருவின் வாடகை தேவையில்லை. வண்டி நிறுத்த இடமும் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய முகவரியும் இருந்தால் ஒரு தெரு தள்ளி இருப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

திடீர் மோகங்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. டை நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த பீனி பேபீஸ் என்ற சிறு துணிப் பொம்மைகளைப் பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கொடுக்காமல் சிறு பரிசுக் கடைகள், பொம்மைக் கடைகள் வழியாகவே விற்றார்கள். ஒவ்வொரு வடிவத்தையும் சில காலத்துக்குப் பின் நிறுத்திவிட்டதாக அறிவித்துத் தட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். சில ஆண்டுகள் சிறு கடைகளுக்குப் பொற்காலம். 1999-க்குப் பிறகு மோகம் சரிந்ததும், கடைசி அலையில் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்களிடம் சரக்கு அப்படியே தங்கிவிட்டது. மோகம் வரும்போது விற்கத்தான் வேண்டும். அதில் வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்தச் சிறு கடையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கொள்முதலையும் முந்தையதைவிடச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும், கேட்பவர்கள் திரும்பிப் போனாலும் சரி. உச்சத்தில் இரண்டு வாரம் இருப்பு இல்லாமல் நிற்பதால் வரும் இழப்பு, சரிவில் இரண்டு ஆண்டு இருப்போடு நிற்பதால் வரும் இழப்பில் சிறு பங்குதான்.

பாதுகாப்பு விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது, இதை நான் அழுத்தியே சொல்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. குழந்தையின் தொண்டையைக் கணக்கில் கொண்டு வகுத்த அளவு அது. அந்த உருளை விலை குறைந்த சாதனம், ஒன்றை வாங்கிக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வலுவான சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று ஈர்த்துத் துளைத்துவிடும். பொத்தான் மின்கலம் உணவுக் குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். ஆகவே மின்கல மூடி திருகால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு புதிய பொருளிலும் கையால் சோதிக்க வேண்டும். ஐரோப்பாவின் ஈ.என். 71, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 963 போன்ற தரங்களுக்கான சோதனை அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது அவசியம். 2007-இல் ஈயம் கலந்த வண்ணத்தால் பெரிய நிறுவனங்களின் பொம்மைகளே லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அதையடுத்து 2008-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் வெளிச் சோதனைக்கூடச் சான்றைக் கட்டாயமாக்கியபோது, கையால் மரப் பொம்மை செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் செலவு தாங்காமல் திணறினார்கள். 2011-இல் அவர்களுக்குச் சில தளர்வுகள் தரப்பட்டன. கைவினைப் பொம்மைகளை விற்க விரும்புவோர் தயாரிப்பாளரின் இந்தச் சுமையைப் புரிந்துகொண்டு பேச வேண்டும். ஆனால் ‘மரம்தானே, இயற்கைதானே’ என்று சான்றில்லாமல் அலமாரியில் ஏற்றக் கூடாது. மரத்தின் மேல் பூசிய வண்ணம் இயற்கையானதா என்பது பார்த்தால் தெரியாது.

இணையத்தை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நிறுத்தப்பட்ட வரிசையின் உதிரி பாகத்தைத் தேடுபவர் எந்த ஊரில் இருந்தாலும் அதை வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பார்; அவருக்கு விலை ஒரு பொருட்டல்ல. எல்லோரிடமும் கிடைக்கும் தொகுப்பை இணையத்தில் ஏற்றி விலைப் போட்டியில் இறங்குவது வீண். வேறு யாரிடமும் இல்லாத பாகம், பழுது பார்த்த பழைய எஞ்சின், ஒருவர் விட்டுச் சென்ற முழுச் சேகரிப்பு ஆகியவற்றை ஏற்றினால் விலையை நிர்ணயிப்பவர் நாமாக இருப்போம். பழைய சரக்கு வாங்கி விற்பதிலும் பழுது பார்ப்பதிலும் கிடைக்கும் மிச்சம் புதிய பொருளில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல்; அந்த வேலைக்கு வரும் பழைய எஞ்சின்களோடு அவற்றின் உரிமையாளர்களும் கடைக்குள் வந்துவிடுகிறார்கள்.

தொடக்கக் கொள்முதலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பொம்மை விற்பனை ஆண்டு முழுதும் சமமாக இருக்காது. பண்டிகையும் விடுமுறையும் வரும் சில மாதங்களில்தான் பெரும்பகுதி நடக்கும், அதற்கான சரக்கை அரையாண்டுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கும். 1950 முதல் நியூரம்பெர்கில் நடக்கும் உலகப் பொம்மைக் கண்காட்சி ஆண்டின் தொடக்கத்திலேயே கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே கையிலுள்ள முதலில் பாதிக்கு மேல் முதல் கொள்முதலில் போடாதீர்கள். விநியோகஸ்தர் குறைந்தபட்ச அளவு சொல்வார், கூடுதலாக எடுத்தால் அனுப்பும் செலவு இலவசம் என்பார், பணம் கட்டத் தவணை தருவதாகவும் சொல்வார். தவணை நல்லதுதான், ஆனால் தவணைக் காலத்துக்குள் விற்றுத் தீரும் அளவுக்கு மட்டுமே எடுங்கள். முதல் மூன்று மாதம் கடைக்கு வந்து கேட்டவர்கள் கேட்டதையெல்லாம், இல்லை என்று அனுப்பியதையும் சேர்த்து, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மீதிப் பாதிப் பணத்தை எதில் போடுவது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.